ராஜா வச்சதுதான் சட்டம்னு ஆனது எப்போ? ஐரோப்பாவுல வரம்பில்லா முடியாட்சி வந்த கதை

எங்க அக்கா பொண்ணு பிளஸ் டூல வரலாறு எடுத்துப் படிக்கிறா. போன வாரம் போன் பண்ணி, "மாமா, ராஜான்னாலே அவர் வச்சதுதானே சட்டம், அப்புறம் எதுக்கு வரம்பில்லா முடியாட்சின்னு தனியா ஒரு பேரு, வரம்போட இருந்த ராஜான்னு யாராச்சும் உண்டா"ன்னு கேட்டா. நல்ல கேள்வி. அரைமணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிஞ்சுது, அதான் மீதியையும் சேர்த்து இங்க எழுதறேன், இதே சந்தேகம் இருக்கற வேற யாருக்காச்சும் உதவும்.

உண்டு, அதான் பதில். ஐரோப்பாவுல பல நூறு வருஷம் ராஜாக்கள் வரம்போடதான் இருந்தாங்க. பிரான்ஸையே எடுத்துக்கங்க, நான் இந்தக் கட்டுரை முழுக்க பெரும்பாலும் பிரான்ஸைத்தான் சொல்லப்போறேன், ஏன்னா இந்தக் கதை முழுசா நடந்தது அங்கதான். 1200கள், 1300கள்ல பிரான்ஸ் ராஜான்னு ஒருத்தர் பாரிஸ்ல இருப்பாரு, ஆனா நாட்டுல பெரிய பெரிய பகுதிங்க பிரபுக்கள் கையில இருக்கும். பர்கண்டிக்கு ஒரு டியூக், பிரித்தானிக்கு ஒரு டியூக், தெற்குல அக்கிட்டேனுக்கு டியூக் யாருன்னா இங்கிலாந்து ராஜாவேதான். ஒவ்வொருத்தருக்கும் சொந்தக் கோட்டை, சொந்தப் படை, சொந்தக் கோர்ட், சில பேர் சொந்தமா நாணயம்கூட அடிச்சாங்க. போர்னு வந்தா ராஜா ஆள் அனுப்பிக் கூப்பிடணும், அவங்க தங்களோட ஆளுங்களைக் கூட்டிட்டு வருவாங்க, வழக்கப்படி 40 நாள் இருந்துட்டுக் கிளம்பிடலாம். சர்ச் பக்கம் ராஜா கைய வைக்க முடியாது, அது ரோம்ல இருக்கற போப்போட ஏரியா. நகரங்களுக்குத் தனித்தனியா பட்டயம் எழுதிக் குடுத்திருப்பாங்க, அதுல இருக்கற உரிமையைத் தொட்டா ஊரே எழுந்து நிக்கும். புதுசா ஒரு வரி போடணும்னா சபையைக் கூட்டி, பாதிரிமார், பிரபுக்கள், நகரத்துக்காரங்கன்னு மூணு தரப்புக்கிட்டயும் கேக்கணும், அந்தச் சபைக்கு எஸ்டேட்ஸ் ஜெனரல்னு பேரு, பிரான்ஸ்ல முதல் தடவை கூடினது 1302ல. மொத்தத்துல பல நிலக்காரங்கள்ல ராஜாவும் ஒரு நிலக்காரர், தலையில புனித எண்ணெய் பூசி முடி சூட்டியிருக்கறதால ஒரு படி மேல, அவ்வளவுதான்.

இப்ப 400 வருஷம் தாண்டி 1680களுக்கு வாங்க. அதே பிரபுக்களோட வாரிசுங்க வெர்சாய் அரண்மனையில காலையில சீக்கிரம் எழுந்து, ராஜா தூங்கி எழுந்திருக்கறதைப் பாக்க வரிசையில நிக்கறாங்க. ராஜாவுக்குச் சட்டையை எடுத்து நீட்டற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்னு போட்டி வேற. இந்த ரெண்டு காட்சிக்கும் நடுவுல என்னதான் நடந்துச்சு, அதுதான் வரம்பில்லா முடியாட்சி வந்த கதை.

முதல் மாற்றம் பீரங்கி, அதோட சேர்ந்த பணம். இங்கிலாந்தோட நடந்த நூறாண்டுப் போர் (1337ல இருந்து 1453 வரைக்கும்) பிரான்ஸைச் சின்னாபின்னம் ஆக்கிடுச்சு, போர் இல்லாத நேரத்துல சம்பளம் கிடைக்காத சிப்பாய்ங்க கூட்டம் கூட்டமா ஊர் ஊராப் போய் கொள்ளை அடிச்சாங்க. பிரான்ஸ் ராஜா ஏழாம் சார்லஸ் 1439ல, இனிமே படை திரட்டற உரிமை ராஜாவுக்கு மட்டும்தான்னு உத்தரவு போட்டாரு, 1445ல நிரந்தரச் சம்பளம் வாங்கற படைப் பிரிவுகளை உருவாக்கினாரு. அந்தச் சம்பளத்துக்கு டாய்னு ஒரு நேரடி வரி. ஆரம்பத்துல போர்ச் செலவுக்குன்னு சபை சம்மதிச்சுக் குடுத்த வரிதான், ஆனா போர் முடிஞ்ச பின்னாடியும் வசூல் நிக்கல, ராஜா திரும்பச் சபைகிட்ட சம்மதம் கேக்கவும் இல்ல. கொள்ளைக்காரங்க தொல்லை ஒழிஞ்சா போதும்னு இருந்த ஜனங்களும் பெருசா எதிர்க்கல. அதே நேரத்துல பீரங்கி வந்து பழைய உயரமான கல்கோட்டையோட மதிப்பைக் குறைச்சிடுச்சு. பீரங்கியைத் தாங்கணும்னா தாழ்வா, தடியா, நட்சத்திர வடிவுல மண்ணும் செங்கல்லும் போட்டுப் புதுக்கோட்டை கட்டணும், அதுக்கு ஆகற செலவை ஒரு சாதாரண பிரபுவால நினைச்சுக்கூடப் பாக்க முடியாது. நாடு பூரா வரி வசூல் பண்ற ஒருத்தராலதான் முடியும்.

சர்ச்சும் மெல்ல மெல்ல ராஜா பக்கம் வந்துச்சு. 1516ல முதலாம் பிரான்சுவா ராஜா போப் பத்தாம் லியோவோட ஒரு ஒப்பந்தம் போட்டு, பிரான்ஸ்ல பிஷப் பதவிக்கு ஆளைப் பேர் சொல்ற உரிமையை வாங்கிட்டாரு, போப் அதை உறுதி பண்ணிக் குடுப்பாரு. இது ஏன் பெரிய விஷயம்னா பிஷப் பதவின்னா வெறும் பூசை வேலை கிடையாது, ஏகப்பட்ட நிலமும் வருமானமும் அதோட ஒட்டி வரும், பிரபுக் குடும்பத்து ரெண்டாவது, மூணாவது பையனுங்களுக்கு அதுதான் பிழைப்பு. அந்தப் பதவி வேணும்னா இனிமே ராஜா முகத்தைத்தான் பாக்கணும். இங்கிலாந்துல எட்டாம் ஹென்றி 1534ல போப்பையே கழட்டி விட்டுட்டு சர்ச்சுக்குத் தானே தலைவர் ஆயிட்டாரு, ஸ்வீடன்ல குஸ்தாவ் வாசா 1527ல சர்ச் சொத்தை எடுத்துக்கிட்டாரு. வழி வேற வேற, போய்ச் சேர்ந்த இடம் ஒண்ணு.

ஆனா பீரங்கியும் பணமும் மட்டும் வச்சு ஜனங்க மனசை மாத்த முடியாது. "ஒரே ஆள் கையில எல்லாம் இருந்தாத்தான் நாம பிழைப்போம்"னு படிச்சவங்க, வியாபாரிங்க, விவசாயிங்கன்னு பல பேர் நிஜமாவே நம்பற நிலைமை ஒண்ணு வந்துச்சு. இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது இதுதான், பாடப்புத்தகத்துல ஒரு வரியில தாண்டிப் போயிடறாங்க. அந்த நிலைமைக்குப் பேரு உள்நாட்டுப் போர். 1562ல இருந்து 1598 வரைக்கும் 36 வருஷம் பிரான்ஸ்ல கத்தோலிக்கர்களும் ஹியூகனாட்னு சொல்ற புராட்டஸ்டன்ட்களும் ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கிட்டாங்க. 1572 ஆகஸ்ட் 24, புனித பர்த்தலோமியோ திருநாள் அன்னைக்கு பாரிஸ்ல ஆரம்பிச்ச படுகொலை மத்த ஊர்களுக்கும் பரவி ஆயிரக்கணக்குல ஆளுங்க செத்தாங்க, பக்கத்து வீட்டுக்காரனே பக்கத்து வீட்டுக்காரனைக் கொன்னான். ரெண்டு பக்கமும் தலைமை தாங்கினது யாருன்னா சொந்தப் படை வச்சிருந்த அதே பெரிய பிரபுக் குடும்பங்கதான். 1589ல மூணாம் ஹென்றியை ஒரு துறவி குத்திக் கொன்னான். அடுத்து வந்த நாலாம் ஹென்றி புராட்டஸ்டன்டா இருந்தவர், அமைதி வேணும்னு 1593ல கத்தோலிக்கரா மாறி, 1598ல நாந்த் சாசனம்னு ஒண்ணு போட்டு ஹியூகனாட்களுக்கு வழிபாட்டு உரிமையும் சில கோட்டை நகரங்களும் குடுத்தாரு, அவரையும் 1610 மே 14ஆம் தேதி பாரிஸ் தெருவுல வண்டியில போறப்ப குத்திக் கொன்னுட்டாங்க. இருபத்தியோரு வருஷத்துல ரெண்டு ராஜா கொலை. அந்தக் காலத்துல வாழ்ந்த ஒருத்தரை நிறுத்தி, ராஜாவுக்கு அதிகாரம் கூடிப் போனா ஆபத்து இல்லையான்னு கேட்டா என்ன சொல்லியிருப்பாரு, யோசிச்சுப் பாருங்க. அதிகாரம் குறைஞ்சதாலதான் எங்க ஊர் எரிஞ்சுதுன்னு சொல்லியிருப்பாரு.

ஊர் எரிஞ்ச அந்தக் காலத்துலதான் ழான் போதான்னு ஒரு வக்கீல் 1576ல அரசைப் பத்தி ஒரு பெரிய புத்தகம் எழுதினாரு. அதுல வர்ற மையச் சொல்தான் இறையாண்மை, இன்னைக்கு நம்ம அரசியலமைப்போட முகப்புரையில இருக்கற அதே கருத்து. அவர் சொன்னது என்னன்னா, ஒரு நாட்டுல சட்டம் போடற கடைசி அதிகாரம் ஒரே இடத்துலதான் இருக்க முடியும், அதைப் பங்கு போட்டா சண்டை தீராது, அந்த அதிகாரம் இருக்கறவர் வேற யார் சம்மதத்தையும் கேக்க வேண்டியதில்லை. லத்தீன்ல இதுக்கு "சட்டத்துலேர்ந்து அவிழ்த்து விடப்பட்டவர்"ங்கற மாதிரி ஒரு சொல்லு உண்டு, வரம்பில்லாங்கற பேரு அங்கேர்ந்துதான் வருது. ஆனா இங்க ஒண்ணைக் கவனிக்கணும், அக்கா பொண்ணுகிட்டயும் இதை ரெண்டு தடவை சொன்னேன்: போதானே ராஜாவுக்கு எல்லை வச்சிருக்காரு. கடவுளோட சட்டத்தை மீறக்கூடாது, ஜனங்களோட சொத்தை இஷ்டத்துக்குப் பறிக்கக்கூடாது, நாட்டோட அடிப்படை வாரிசு விதியை மாத்தக்கூடாது. அதனால வரம்பில்லான்னா "என்ன வேணா பண்ணலாம்"னு அர்த்தம் எடுத்துக்கக்கூடாது, "பூமியில வேற எந்த மனுஷனும் அவரைக் கேள்வி கேக்க முடியாது"ன்னு அர்த்தம். ராஜாவைக் கடவுளே நேரடியா நியமிச்சாருங்கற தெய்வீக உரிமைக் கொள்கையும் இதோட கை கோத்துக்கிச்சு, பின்னாடி பதினாலாம் லூயி காலத்துல பொஸ்ஸுவேன்னு ஒரு பிஷப் பைபிள் வசனங்களையே ஆதாரமா வச்சு அதை விளக்கி எழுதினாரு.

கருத்து ரெடி, ஆனா நடைமுறைக்குக் கொண்டு வந்தது ரிஷலியூ. கார்டினல் (போப்புக்கு அடுத்த நிலைப் பாதிரி), பதிமூணாம் லூயியோட முதன்மை அமைச்சர், 1624ல இருந்து 1642ல சாகற வரைக்கும். 1626ல எல்லையில இல்லாத, நாட்டுக்கு உள்ள இருக்கற பிரபுக்களோட கோட்டைங்களை எல்லாம் இடிக்கச் சொல்லி உத்தரவு. பிரபுக்களுக்குள்ள வாள் சண்டைக்கும் தடை, அதை மீறி பாரிஸ்லயே பட்டப்பகல்ல சண்டை போட்ட மொன்மொரான்சி குடும்பத்துப் பிரபு ஒருத்தரை 1627ல தலையை வெட்டிட்டாங்க, நாட்டுலயே பெரிய குடும்பம் அது, எவ்வளவு பேர் கெஞ்சியும் விடல. அப்புறம் ஹியூகனாட்களோட கோட்டை நகரமான லா ரொஷேல். கடல் வழியா இங்கிலாந்து உதவி வந்துடக்கூடாதுன்னு துறைமுக வாயில்ல கல்லைக் கொட்டி, பழைய கப்பலை மூழ்கடிச்சு ஒரு பெரிய அணையே கட்டினாங்க, ஒரு வருஷத்துக்கு மேல முற்றுகை. 1628 அக்டோபர்ல நகரம் சரணடைஞ்சப்ப, 25,000 பேருக்கு மேல இருந்த ஊர்ல மிஞ்சினது சுமார் 5,000 பேர்தான், மத்தவங்கள்ல பெரும்பாலானவங்க பசியில செத்துப் போனாங்க. வழிபாட்டு உரிமையை விட்டு வச்சாங்க, கோட்டையும் படையும் வச்சுக்கற உரிமையை மட்டும் பிடுங்கிட்டாங்க. ரிஷலியூவுக்கு மதத்தை விட, நாட்டுக்குள்ள ராஜாவைத் தவிர வேற யாருக்கும் மதில் இருக்கக்கூடாதுங்கறதுதான் முக்கியமா இருந்துச்சு.

இங்க நிர்வாகம்னு ஒரு பக்கம் இருக்கு, படிக்கச் சப்புன்னு இருக்கும், ஆனா இது புரியலேன்னா மத்தது எதுவும் புரியாது. பிரான்ஸ்ல ஜட்ஜ் வேலை, வரி அதிகாரி வேலை எல்லாமே காசுக்கு வாங்கற பதவிங்க. ராஜாவே வித்தாரு, பணம் வேணும்ல. 1604ல போலெத்னு ஒரு ஏற்பாடு வந்துச்சு, பதவியோட மதிப்புல அறுபதுல ஒரு பங்கை வருஷா வருஷம் கட்டிட்டா அந்தப் பதவி பையனுக்குப் போயிடும், வீடு நிலம் மாதிரி பரம்பரைச் சொத்து. இதுல ராஜாவுக்குக் காசு வந்துச்சு, ஆனா அந்த அதிகாரியை வேலைய விட்டுத் தூக்க முடியாம போச்சு, ஏன்னா அது அவன் காசு குடுத்து வாங்கின சொத்து. பாரிஸ்ல பார்லமாங்கன்னு ஒரு உயர் கோர்ட் இருந்துச்சு (இங்கிலாந்து பாராளுமன்றத்தோட போட்டுக் குழப்பிக்காதீங்க, இது ஜட்ஜுங்க சபை), ராஜா போடற சட்டத்தை அவங்க பதிவு பண்ணாத்தான் செல்லுபடி ஆகும், பிடிக்கலேன்னா மறுப்பு எழுதி இழுத்தடிப்பாங்க. இதுக்கு மாற்றா வந்தவங்கதான் இன்டென்டன்ட்கள். இவங்க பதவி விலைக்கு வாங்கினது இல்ல, ராஜா கையெழுத்துல நியமனம், வேணாம்னா அடுத்த நாளே திரும்பக் கூப்பிட்டுக்கலாம், வேற ஊருக்கு மாத்தலாம். வரி, போலீஸ், நீதின்னு மூணையும் பாப்பாங்க, நமக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா ஒரு கலெக்டர் மாதிரி. 1635ல பிரான்ஸ், ஜெர்மனியில நடந்துக்கிட்டிருந்த முப்பதாண்டுப் போர்ல நேரடியா இறங்கினதும் வரி மேல வரி ஏறிச்சு, அதை வசூல் பண்ண இன்டென்டன்ட்களைத்தான் ஊர் ஊரா அனுப்பினாங்க. விவசாயிங்க கலகம் பண்ணாங்க, 1639ல நார்மண்டியில "வெறுங்காலன்கள்"னு பேர் வச்சுக்கிட்டு உப்பு வரிக்கு எதிரா எழுந்தவங்களைப் படை வச்சு நசுக்கினாங்க.

எல்லாம் நேர்கோட்டுல போகல. 1643ல பதினாலாம் லூயி ராஜா ஆனப்ப வயசு 4. அம்மா ஆன் ராணியும் மஸாரன்ங்கற கார்டினலும்தான் ஆட்சி. 1648ல அடக்கி வச்சது எல்லாம் வெடிச்சுது, பார்லமாங் ஜட்ஜுங்க வரியையும் இன்டென்டன்ட்களையும் எதிர்த்தாங்க, அவங்கள்ல ப்ரூசெல்னு ஒரு வயசான ஜட்ஜை அரெஸ்ட் பண்ணதும் பாரிஸ் தெருவெல்லாம் தடுப்பு போட்டு ஜனங்க எழுந்துட்டாங்க. இதுக்கு ஃப்ரோந்த்னு பேரு, அஞ்சு வருஷம் போச்சு, முதல்ல ஜட்ஜுங்க, அப்புறம் பிரபுக்கள், கடைசியில ராஜ குடும்பத்துக் கோந்தே இளவரசரே எதிரிப் படையோட சேர்ந்துக்கிட்டாரு. 1649 ஜனவரி ஆரம்பத்துல நடுராத்திரி பத்து வயசுப் பையனை எழுப்பிக் கூட்டிட்டு அரச குடும்பமே பாரிஸை விட்டு ஓடிப் போச்சு. அதே மாசம் 30ஆம் தேதி லண்டன்ல முதலாம் சார்லஸ் ராஜாவோட தலையை வெட்டினாங்க, அவர் யாருன்னா லூயியோட சொந்த அத்தை புருஷன், அந்த அத்தை அப்ப பிரான்ஸ்லதான் அடைக்கலமா இருந்தாங்க. 1651 பிப்ரவரியில இன்னொரு ராத்திரி, ராஜா திரும்ப ஓடப் போறாருன்னு வதந்தி கிளம்பி ஜனங்க அரண்மனைக்குள்ளயே வந்துட்டாங்க, ராணி கதவைத் திறந்து, பாத்துக்கங்க உங்க ராஜா தூங்கறாருன்னு காட்டினாங்க, பன்னெண்டு வயசுப் பையன் கண்ணை மூடிட்டு தூங்கற மாதிரி படுத்திருக்க, தெரியாத ஆளுங்க வரிசையா கட்டிலைத் தாண்டிப் போனாங்களாம். அந்தப் பையன் வளந்து என்ன மாதிரி ராஜா ஆவான்னு கேக்கவே வேணாம். பாரிஸ் மேல அவருக்கு நம்பிக்கை திரும்ப வரவே இல்ல. ஜனங்களும் அஞ்சு வருஷக் கலகத்துல களைச்சுப் போய், போதும்டா சாமி, ஒரு ராஜா ஒழுங்கா ஆண்டா சரின்னு ஆயிட்டாங்க. அதே பழைய பயம்.

1661 மார்ச் 9ல மஸாரன் செத்தாரு. அடுத்த நாளே 22 வயசு லூயி அமைச்சர்களைக் கூப்பிட்டு, இனிமே முதன்மை அமைச்சர்னு யாரும் கிடையாது, நானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. பல பேர் நம்பல, பையன் ஒரு மாசத்துல சலிச்சுப் போய் வேட்டைக்குப் போயிடுவான்னு நினைச்சாங்க. ஆனா சாகற வரைக்கும் 54 வருஷம் தினமும் உக்காந்து ஃபைல் பாத்தாரு மனுஷன். நிதியைக் கவனிச்சுக்கிட்டு இருந்த ஃபூக்கே, வோ-லெ-விகோந்த்ங்கற இடத்துல ஒரு மாளிகை கட்டி அந்த ஆகஸ்ட் 17ல ராஜாவுக்கு விருந்து வச்சாரு, ராஜா வீட்டை விட அழகான வீடு. செப்டம்பர் 5ஆம் தேதி அரெஸ்ட். மூணு வருஷம் விசாரணை நடந்து கோர்ட் நாடு கடத்தல்னு தீர்ப்பு குடுத்தது, ராஜா அதைக் குறைக்கறதுக்குப் பதிலா ஆயுள் சிறைன்னு கூட்டிட்டாரு. அந்த மாளிகையைக் கட்டின ஆர்கிடெக்ட், ஓவியர், தோட்டக்காரர் மூணு பேரையும் வெர்சாய் கட்டறதுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு.

வெர்சாய் அவங்க அப்பாவோட வேட்டை மாளிகை, பாரிஸ்லேர்ந்து சுமார் 20 கிலோமீட்டர். பெருசாக் கட்டி 1682 மே மாசம் அரசவையையும் அரசாங்கத்தையும் அங்கயே மாத்திட்டாரு. பிரபு ஒருத்தருக்குப் பென்ஷன் வேணுமா, பையனுக்கு ரெஜிமென்ட்ல பதவி வேணுமா, மகளுக்கு நல்ல இடத்துல சம்பந்தம் வேணுமா, எல்லாம் ராஜா வாயிலேர்ந்துதான் வரணும், ராஜா கண்ணுல தினமும் படணும்னா வெர்சாய்ல இருக்கணும். வராத ஆளுக்கு யாராச்சும் சிபாரிசு பண்ணா, அவரை நான் பாக்கறதே இல்லையேன்னு சொல்லிடுவாராம். ராத்திரி ராஜா படுக்கப் போறப்ப மெழுகுவர்த்தி பிடிக்கறது ஒரு கௌரவம், யார் ஸ்டூல்ல உக்காரலாம் யார் நிக்கணும்ங்கறதுக்கு எல்லாம் விதி. சின்ன விஷயமாத் தெரியும், ஆனா அந்த வர்க்கத்துக்கு மானமும் வருமானமும் அதுலதான் இருந்துச்சு. அதே சமயம் இதையே முழுக் காரணம்னு நினைச்சுடக்கூடாது, பிரான்ஸ்ல இருந்த பிரபுக்கள்ல பெரும்பாலானவங்க வெர்சாய் பக்கமே வராம அவங்க கிராமத்துலயே இருந்தவங்க. அவங்களையும் ராஜா பக்கம் பிடிச்சு வச்சது வேற ஒரு ஏற்பாடு, அதுக்கு வர்றேன்.

பணத்தைப் பாத்துக்கிட்டவர் கோல்பேர், துணி வியாபாரக் குடும்பத்துலேர்ந்து வந்தவர். மறைமுக வரியெல்லாம் குத்தகைக்கு விட்டிருந்தாங்க, குத்தகைக்காரன் வசூல் பண்ணதுல பாதி வழியிலயே கரைஞ்சிடும். கோல்பேர் கணக்கைத் தோண்டி, திருடினவங்ககிட்ட திரும்பப் பிடுங்கி, குத்தகை விதியை இறுக்கி, சில வருஷத்துலயே கஜானாவுக்கு நிகரமா வர்ற பணத்தை ஏறக்குறைய ரெட்டிப்பு ஆக்கினாரு. வெளிநாட்டுச் சரக்குக்கு சுங்கம், உள்நாட்டுல கண்ணாடி, துணி ஃபேக்டரிங்க, வியாபாரக் கம்பெனிங்க. 1664ல அவர் ஆரம்பிச்ச பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் முதல்ல சூரத்துக்கு வந்து, 1674ல பிரான்சுவா மர்த்தேன் மூலமா புதுச்சேரியில கால் ஊணினது. நாம பாண்டிச்சேரியில பாக்கற பிரெஞ்சுத் தெருப் பேரெல்லாம் இந்த ராஜாவோட கஜானாத் தேவையில இருந்து தொடங்கினதுங்கறது எனக்கு எப்பவும் ஆச்சரியமா இருக்கும்.

அந்தப் பணம் எல்லாம் எங்க போச்சுன்னா படைக்கு. முன்னாடி ரெஜிமென்ட்ங்கறது கர்னலோட சொந்தச் சொத்து மாதிரி, இல்லாத சிப்பாயைக் கணக்குல காட்டி சம்பளத்தை அமுக்கறது சாதாரணம். அமைச்சர் லூவுவா இன்ஸ்பெக்டர்களை அனுப்பித் தலை எண்ண வச்சாரு, யூனிஃபார்ம், டிரில், தானியக் கிடங்கு, அடிபட்ட சிப்பாய்ங்களுக்கு பாரிஸ்ல 1670ல ஆரம்பிச்ச இன்வாலிட் இல்லம். 1660கள் தொடக்கத்துல அமைதிக் காலத்துல 50,000ல இருந்து 70,000 வரைக்கும் இருந்த படை, 1690கள்ல போர் நேரத்துல கணக்குப் புத்தகத்துல 4 லட்சம் வரைக்கும் போச்சு. ஐரோப்பாவுல அதுக்கு முன்னாடி எந்த ராஜாவும் இப்படி ஒரு படைக்குச் சம்பளம் குடுத்ததில்ல.

இப்ப அந்த ஏற்பாடு. பிரபுக்கள் ஏன் சம்மதிச்சாங்க? பயந்து மட்டும் இல்ல. ராஜா அவங்ககிட்ட வாளையும் கோட்டையையும் வாங்கிட்டு, வரிவிலக்கை விட்டு வச்சாரு. டாய் வரியை பெரும்பாலும் பிரபுக்களும் பாதிரிமாரும் கட்ட வேண்டியதில்ல, விவசாயி கட்டினான். உப்பு வரி சில மாகாணத்துல எப்படின்னா இத்தனை உப்பு வாங்கியே தீரணும்னு கட்டாயம், தேவை இருக்கோ இல்லையோ. வசூலான வரியில ஒரு பங்கு பென்ஷனா, வட்டியா, பதவிச் சம்பளமா திரும்ப மேல்தட்டுக்கே போச்சு. பிரஷ்யாவுல இது இன்னும் பச்சையா நடந்துச்சு: 1653ல அங்க இருந்த பிராண்டன்பர்க் பகுதியோட சபை, ஆண்டுக்கிட்டிருந்த பிரடரிக் வில்லியத்துக்கு நிரந்தரப் படைக்காக ஆறு வருஷத்துக்கு 5,30,000 தாலர் (அந்த ஊர் வெள்ளிக் காசு) குடுத்துது, பதிலுக்கு விவசாயிங்க மேல நிலப்பிரபுக்களுக்கு இருந்த பிடியை அவர் உறுதி பண்ணிக் குடுத்தாரு. ரெண்டு பேர் உக்காந்து ஒப்பந்தம் போட்டு, அந்த இடத்துலயே இல்லாத மூணாவது ஆளோட முதுகுல பாரத்தை ஏத்தினாங்க. டென்மார்க் கதை மட்டும் கொஞ்சம் வேற, அங்க ஸ்வீடனோட போர்ல நாடு நொடிஞ்சு போய் 1660ல நகரத்துக்காரங்களும் பாதிரிமாரும் சேர்ந்து பிரபுக்களோட சலுகையை உடைக்கறதுக்காகவே ராஜா கையில பரம்பரை அதிகாரத்தைக் குடுத்தாங்க, 1665ல ராஜாவோட அதிகாரம் வரம்பில்லாததுன்னு எழுத்துலயே ஒரு சட்டம் வந்துச்சு, அது 1849 வரைக்கும் இருந்துச்சு.

இவ்வளவு இருந்தும் லூயியால முடியாதது ஏராளம். சுமார் 2 கோடி ஜனங்க இருந்த நாட்டுக்கு இன்டென்டன்ட் மொத்தம் 30 பேர் சொச்சம். கடிதம் ஒண்ணு தெற்கு எல்லையிலேர்ந்து வர பல நாள் ஆகும். வடக்குல வழக்கப்படி ஒரு சட்டம், தெற்குல ரோமானியச் சட்டம், மாகாணத்துக்கு மாகாணம் உப்பு விலை வேற, நாட்டுக்குள்ளயே சுங்கச்சாவடி. பிரித்தானி, லாங்கடோக் மாதிரி மாகாணங்கள்ல சொந்த சபை தொடர்ந்து கூடிச்சு, வரித்தொகையை அவங்களோட பேரம் பேசித்தான் வாங்கணும், 1675ல முத்திரைத்தாள் வரிக்கு எதிரா பிரித்தானியே கொந்தளிச்சுது. 1673ல பார்லமாங் முதல்ல சட்டத்தைப் பதிவு பண்ணணும், மறுப்பு இருந்தா அப்புறம் சொல்லணும்னு உத்தரவு போட்டு அவங்க வாயை அடைச்சாரு, ஆனா விலைக்கு வாங்கின அவங்க பதவியை ரத்து பண்ண அவரால முடியல, காசைத் திருப்பிக் குடுக்கணுமே. "நானே அரசு"ன்னு அவர் சொன்னதா எல்லா இடத்துலயும் போட்டிருக்கும், அப்படிச் சொன்னதுக்கு எந்த ஆதாரமும் கிடையாது, பரிட்சையில எழுதாதீங்க.

தடுக்க ஆள் இல்லாத ராஜா தப்பு பண்ணா என்ன ஆகும்ங்கறதுக்கு 1685 அக்டோபரைப் பாருங்க. தாத்தா குடுத்த நாந்த் சாசனத்தை லூயி ரத்து பண்ணாரு. புராட்டஸ்டன்ட் வழிபாட்டுக்குத் தடை, கோவிலை இடிக்கணும், நாட்டை விட்டுப் போகவும் கூடாது. அப்படியும் சுமார் 2 லட்சம் பேர் தப்பிச்சு ஹாலந்து, இங்கிலாந்து, பிராண்டன்பர்க்னு போனாங்க, நெசவாளி, கடிகாரக்காரர், படை அதிகாரின்னு கைத்தொழில் தெரிஞ்ச குடும்பங்க. ஒரு நூற்றாண்டுக்கு முன்னாடி உள்நாட்டுப் போரை நிறுத்தத்தான் ராஜாவுக்கு அவ்வளவு அதிகாரத்தைக் குடுத்தாங்க, அந்த அதிகாரமே திரும்ப ஜனங்க மேல படையை ஏவிச்சு. படிக்கறப்ப எனக்கு மனசு கனத்துப் போற இடம் இது. 1693-94 பஞ்சத்துல 10 லட்சத்துக்கும் மேல பிரான்ஸ்ல செத்தாங்க, அப்பவும் போர் நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. கடைசியில பணம் பத்தாம 1695ல தலைவரின்னு ஒண்ணு போட்டு பிரபுக்களையும் முதல் தடவையா வரிக்குள்ள கொண்டு வரப் பாத்தாரு, அவங்க வழுக்கிட்டுப் போக வழி கண்டுபிடிச்சாங்க.

இங்கிலாந்து வேற வழி போச்சு. முதலாம் சார்லஸ் 1629ல இருந்து 11 வருஷம் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டு பாத்தாரு, ஆனா அவருக்கு நிரந்தரப் படையும் இல்ல, சபை சம்மதம் இல்லாத வரியும் நிலைக்கல. 1688ல இரண்டாம் ஜேம்ஸ் ஓட வேண்டி வந்துச்சு, 1689 உரிமைச் சாசனம் பாராளுமன்றம் இல்லாம வரி இல்லைன்னு எழுதி வச்சது. சபைக்குக் கட்டுப்பட்ட அரசுதானே பலவீனமா இருந்திருக்கும்னு தோணும், நடந்தது தலைகீழ்: 1694ல பாங்க் ஆஃப் இங்கிலாந்து வந்த பின்னாடி, பாராளுமன்றமே திருப்பிக் கட்டறதுக்குப் பொறுப்புங்கறதால லண்டன் அரசுக்குக் கடன் குறைஞ்ச வட்டியில கிடைச்சுது, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத பிரான்ஸ் ராஜாவுக்கோ அதிக வட்டி, ஏன்னா தரமாட்டேன்னு சொன்னா எந்தக் கோர்ட்ல போய் கேக்கறது. போலந்து வரம்பில்லா முடியாட்சிக்கு நேர் எதிர் உதாரணம், அங்க சபையில ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து வேணாம்னு சொன்னாலே எல்லாம் நின்னு போயிடும், படைக்கு வரி போட முடியாம பலவீனமாகி 1772, 1793, 1795னு மூணு தடவையா பக்கத்து நாட்டு ராஜாக்கள் பங்கு போட்டு வரைபடத்துலயே இல்லாம ஆக்கிட்டாங்க.

லூயி 1715 செப்டம்பர் 1ல செத்தப்ப 72 வருஷம் ராஜாவா இருந்திருந்தாரு, 200 கோடி லிவருக்கு (அந்தக் காலத்து பிரெஞ்சுப் பணம்) மேல கடன். பழைய எஸ்டேட்ஸ் ஜெனரல் சபை கடைசியாக் கூடினது 1614ல, அவர் ஆட்சி முழுக்க ஒரு தடவைகூட அதைக் கூட்டல, அடுத்து வந்த அவரோட கொள்ளுப்பேரனும் கூட்டல. 1788ல கஜானா காலி ஆகி பதினாறாம் லூயிக்கு வேற வழியே இல்லாம போனப்பதான் சபையைக் கூட்டறேன்னு அறிவிச்சாரு. ஆனா அது எப்படிக் கூடும், யார் எங்க உக்காரணும், ஓட்டு தலைக்கு ஒண்ணா தரப்புக்கு ஒண்ணான்னு சொல்ல உயிரோட இருந்த ஒருத்தருக்கும் தெரியல, பழைய ஆவணம் ஏதாச்சும் இருந்தா தேடி அனுப்புங்கன்னு அரசாங்கமே நாட்டு மக்கள்கிட்ட கேட்டுது. பாரிஸ் பார்லமாங் 1614ல நடந்த மாதிரியே நடக்கணும்னு சொல்லிச்சு, தரப்புக்கு ஒரு ஓட்டுன்னா பிரபுக்களும் பாதிரிமாரும் சேர்ந்து ரெண்டு, வரி கட்டற அத்தனை பேருக்கும் ஒண்ணு. 1789 மே 5ஆம் தேதி, 175 வருஷம் கழிச்சு, சபை கூடினது வெர்சாய்ல. அக்கா பொண்ணுக்கு அடுத்த பாடம் அங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது.